பார்த்துக்கிறவங்க உடம்பையும் யாராவது பார்க்கணும்

படுத்த படுக்கையா இருக்கிற அம்மாவையோ அப்பாவையோ கவனிக்கிறவங்க, "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பார்கள். உடம்பு வேற கணக்கு வச்சிருக்கு.

1995-ல் அமெரிக்காவின் ஓஹையோவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மறதி நோயாளிகளைக் கவனித்த 13 பெண்கள், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லோருக்கும் கையில் ஒரே அளவில் சின்னக் காயம். கவனித்தவர்களுக்கு அது ஆற சராசரியா 9 நாள் அதிகமாச்சு. ஓயாத மன அழுத்தம் செய்யும் வேலை இது.

ராத்திரி அவங்க தூங்கினதும் போனை எடுக்காதீங்க. 10 நிமிஷம் படுங்க. பாதத்திலிருந்து முகம் வரை, ஒவ்வொரு தசையா 5 விநாடி இறுக்கி மெதுவா தளர்த்துங்க. வலிக்கிற இடத்தை விட்டுடுங்க. மூச்சை இழுக்கிறதைவிட விடுறது நீளமா இருக்கட்டும், இதயத்துடிப்பு தணியும்.

இது தூக்கத்துக்கோ மருந்துக்கோ மாற்று இல்லை. உங்க பிரஷர் மாத்திரையைத் தள்ளிப்போடாதீங்க. வாரம் ஒரு ராத்திரி தம்பியையோ தங்கச்சியையோ பார்த்துக்கச் சொல்லுங்க. நீங்க விழுந்துட்டா அவங்களை யார் தூக்கி உட்கார வைப்பாங்க?