காட்டு பிளாக்பெர்ரி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிளாக்பெர்ரி, ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த ரூபஸ் பேரினத்து முட்செடிகளில் காய்க்கும் பழம். ஐரோப்பாவின் வேலியோரங்களிலும் காட்டு விளிம்புகளிலும், வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரச் சாலைகளிலும் தானாகப் படர்ந்து, கோடை முடியும் நாட்களில் பழுக்கும். ஒரு பழமாகத் தெரிவது, ஒரே பூவிலிருந்து உருவான பல சிறு உருண்டைகளின் கொத்து. உருண்டைக்கு ஒரு விதை உண்டு.

அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி, 100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 88 கிராம் தண்ணீர். மீதியில் 5.3 கிராம் நார்ச்சத்து, 4.9 கிராம் சர்க்கரை, 21 மில்லிகிராம் வைட்டமின் சி, 20 மைக்ரோகிராம் வைட்டமின் கே, 0.65 மில்லிகிராம் மாங்கனீசு ஆகியவை அடங்கும். ஆற்றல் 43 கிலோகலோரி. இந்தப் பழத்தைப் பற்றிய சில நம்பிக்கைகளை இந்த எண்களோடு ஒப்பிட்டே சரிபார்த்துவிடலாம்.

நம்பிக்கை 1: வைட்டமின் சி-க்கு இதை மிஞ்சிய பழம் இல்லை.

உண்மை: 21 மில்லிகிராம் என்பது நடுத்தர அளவுதான். அதே எடை ஆரஞ்சில் சுமார் 50 மில்லிகிராமும், கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கிறது. பிளாக்பெர்ரியின் பலம் நார்ச்சத்திலும் மாங்கனீசிலும் உள்ளது. வயது வந்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதில் ஐந்தில் ஒரு பங்கை 100 கிராம் பழம் தந்துவிடுகிறது. அன்றாட மாங்கனீசுத் தேவையிலும் கால் பங்குக்கு மேல் இதிலேயே கிடைக்கும்.

நம்பிக்கை 2: காட்டில் விளைந்ததில்தான் சத்து அதிகம், தோட்டத்துப் பழத்தில் குறைவு.

உண்மை: காட்டுப் பழம் பெரும்பாலும் சிறியது. அதனால் அதில் விதையும் தோலும் தோட்டத்துப் பழத்தைவிடக் கூடுதல் பங்கு வகிக்கின்றன. நார்ச்சத்தும் நிறமிகளும் சற்று அதிகமாக இருக்க அது ஒரு காரணமாகலாம். ஆனால் செடியின் வகை, வெயில், மண், பறிக்கும்போது பழத்தின் பக்குவம் ஆகியவற்றால் ஏற்படும் வேறுபாடு இதைவிடப் பெரிது. தவிர, காடு, தோட்டம் என்று கோடு கிழிப்பதே சில இடங்களில் கடினம். அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் இன்று காடாக மண்டிக்கிடக்கும் 'இமாலய' பிளாக்பெர்ரி, தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க் 1885-இல் சாகுபடிக்காகக் கொண்டுவந்த வகை. பறவைகள் விதையைப் பரப்ப, தோட்டத்தைத் தாண்டிக் களையாகிவிட்டது. இதன் பூர்விகமும் இமயமலை அன்று; ஆர்மீனியாவும் அதையொட்டிய பகுதிகளும்தான்.

நம்பிக்கை 3: பழம் கறுப்பாக இருக்கிறது, ஆகவே ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மிகுந்தது, புற்றுநோய்க்கும் மருந்தாகும்.

உண்மை: கருமைக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமிகள். சோதனைக் குழாயில் அவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது மெய். உடலுக்குள் நடப்பது வேறு. உண்ட நிறமியில் மிகச் சிறு பகுதியே அப்படியே இரத்தத்தில் சேர்கிறது. பெரும்பகுதியைக் குடல் நுண்ணுயிரிகள் சிறு மூலக்கூறுகளாகச் சிதைக்கின்றன. பழத்திலுள்ள எல்லாகிடானின்கள் என்னும் சேர்மங்களும் இதேபோல் குடலில் சிதைந்து யூரோலிதின்கள் என்னும் சிறு மூலக்கூறுகளாக மாறுகின்றன. அந்த மாற்றமும் எல்லோருடைய குடலிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. சோதனைக் குழாய் மதிப்பெண்களைக் கொண்டு உணவுகளைத் தரவரிசைப்படுத்திய 'ஓராக்' அட்டவணையை, விளம்பரங்களில் அது தவறாகப் பயன்பட்டதையும் மனித உடல்நலத்தோடு நேரடித் தொடர்பு நிறுவப்படாததையும் சுட்டி, அமெரிக்க வேளாண் துறை 2012-இல் விலக்கிக்கொண்டது. புற்றுநோய் ஆய்வுகளில் அடிக்கடி பேசப்படுவது கறுப்பு ராஸ்ப்பெர்ரி. அது ரூபஸ் பேரினத்தின் வேறொரு இனம். அங்கும் சோதிக்கப்பட்டது பெரும்பாலும் உறையவைத்து உலர்த்திய பொடி. அந்த முடிவுகளை ஒரு கைப்பிடி பிளாக்பெர்ரிக்குப் பொருத்த முடியாது.

நம்பிக்கை 4: இனிப்பான பழம், நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆகாது.

உண்மை: 100 கிராமில் சர்க்கரை 5 கிராமுக்கும் குறைவு. அதே எடை திராட்சையில் 15 கிராமும் மாம்பழத்தில் ஏறக்குறைய 14 கிராமும் உண்டு. நார்ச்சத்து கலந்திருப்பதால் உள்ள சர்க்கரையும் மெதுவாகவே இரத்தத்தில் ஏறும். ஜாம், சிரப், இனிப்பூட்டிய சாறு ஆகியவற்றின் கணக்கு தனி. ஜாமில் பாதிக்கு மேல் சர்க்கரையாகவே இருக்கும்.

நம்பிக்கை 5: விதையில் ஒன்றுமில்லை, வடிகட்டிச் சாப்பிடுவதே நல்லது.

உண்மை: பழத்தின் நார்ச்சத்தில் கணிசமான பங்கு விதையில்தான் இருக்கிறது. கூழை வலைக்கரண்டியில் தேய்த்து வடித்தால் வலையில் தங்கும் சக்கையோடு அதுவும் போய்விடும். விதைக்குள் லினோலிக், லினோலெனிக் அமிலங்கள் கொண்ட எண்ணெயும் உண்டு. ஆனால் ஓடு கடினமானது. மெல்லாமல் விழுங்கிய விதை பெரும்பாலும் முழுதாகவே வெளியேறும் என்பதால் அந்த எண்ணெயைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை.

நம்பிக்கை 6: சிவப்பாகப் பறித்து வைத்தால் வீட்டில் பழுத்துவிடும்.

உண்மை: வாழை, மாம்பழம் போலப் பறித்தபின் கனியும் பழம் இதுவன்று. நிறம் சற்றுக் கறுக்கலாம், இனிப்பு ஏறாது. முற்றிலும் பழுத்தது கை பட்டவுடன் காம்பிலிருந்து கழன்றுவிடும், உள்ளிருக்கும் வெண்ணிறத் தண்டும் பழத்தோடே வரும். ராஸ்ப்பெர்ரியில் அந்தத் தண்டு செடியிலேயே தங்கிப் பழம் குழிவாக வரும். மாறாக, கறுப்பாகப் பறித்த பழத்தில் சில உருண்டைகள் பின்னர் சிவப்பதும் உண்டு. அது அழுத்தத்தாலும் வெப்பமாற்றத்தாலும் செல்கள் சிதைவதன் விளைவு, காய் என்பதற்கு அடையாளம் அன்று.

நம்பிக்கை 7: உறையவைத்தால் சத்தெல்லாம் போய்விடும்.

உண்மை: பறித்த கையோடு உறையவைத்த பழத்தில் நிறமிகள் பல மாதங்கள் வரை பெரும்பாலும் நிலைத்திருக்கும். கூடுதலாக இழப்பு நேர்வது சாறாகவும் ஜாமாகவும் மாற்றி அறை வெப்பத்தில் நெடுநாள் வைக்கும்போதுதான். வைட்டமின் சி சூட்டைத் தாங்காது என்பதால் காய்ச்சும்போதே குறையும்.

நம்பிக்கை 8: செப்டம்பர் 29-க்குப் பிறகு பறித்தால் நஞ்சு.

உண்மை: அன்று புனித மிக்கேல் திருநாள். வானுலகிலிருந்து தள்ளப்பட்ட சாத்தான் பிளாக்பெர்ரிப் புதரில் விழுந்து, ஆத்திரத்தில் பழங்கள்மேல் துப்பினான் என்பது பிரிட்டன், அயர்லாந்து நாட்டுப்புறக் கதை. தேதி மாறியதும் பழத்தில் நஞ்சு தோன்றுவதில்லை. ஆனால் அக்டோபரின் ஈரத்திலும் குளிரிலும் பழம் நீர்த்துச் சுவை குன்றும், சாம்பல் பூஞ்சை பிடிக்கும், ஈக்கள் மொய்க்கும். அந்த அளவுக்குக் கதையில் அனுபவ அறிவு உண்டு.

நம்பிக்கை 9: பிளாக்பெர்ரியும் மல்பெரியும் ஒன்றே.

உண்மை: பட்டுப்புழுவுக்கு இலை தரும் மல்பெரி, ஆல், அத்தி, பலா அடங்கிய குடும்பத்தது. அதன் பழம் பல பூக்கள் சேர்ந்து உருவாவது. 100 கிராமில் வைட்டமின் சி சுமார் 36 மில்லிகிராம், இரும்புச்சத்து 1.9 மில்லிகிராம் என இரண்டிலும் மல்பெரி முந்துகிறது. நார்ச்சத்தோ 1.7 கிராம் மட்டுமே. பிளாக்பெர்ரியில் அதைப்போல் மும்மடங்கு. நீலகிரி, பழனி மலைகளில் தானாக வளரும் முட்புதர்ப் பழங்கள் சில பிளாக்பெர்ரியின் பேரினத்தையே சேர்ந்தவை. எனினும் இனம் வேறு என்பதால், இங்கே தரப்பட்ட அளவுகளை அவற்றுக்கு அப்படியே கொள்ளக் கூடாது.