விலங்குகளை அறியும் கல்வி: மலைக் கிராமங்களுக்கு அதனால் வரும் பயன்

ஒரு வட்டாரத்தின் செல்வம் நிலத்திலும் நீரிலும் மட்டும் அடங்கிவிடுவதன்று. அங்கு வாழும் விலங்கு, பறவை, பூச்சி, மரம், செடி ஆகிய யாவும் அதன் செல்வமேயாகும். இச்செல்வத்தைக் காக்கவும், அதனால் நேரும் இடையூறுகளைக் குறைக்கவும் இன்று தனிக் கல்வியே ஏற்பட்டிருக்கின்றது. விலங்குகளின் நடத்தை, அவற்றின் நலம், உயிரினப் பன்மையின் நிர்வாகம் என்னும் மூன்றும் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. "இது பட்டணத்துப் பிள்ளைகளின் படிப்பு, நமக்கு இதில் என்ன?" என்று விவசாயிகள் கேட்கக்கூடும். ஏற்காட்டை அடுத்த கரடியூரையும் சேர்வராயன் மலைக் கிராமங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

மலையும் அதன் உயிர்களும்

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. அதன் உச்சி 5,300 அடிக்கு மேற்பட்டது. சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820களில் இங்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். காப்பி நிழலை வேண்டும் பயிராதலால் தோட்டங்களிலும் மரங்கள் நின்றன. மரங்கள் நின்றதால் காட்டுயிர்களுக்கும் இடம் இருந்தது. இம்மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா செவராயென்சிஸ் என்னும் அரிய மரமும் இங்கு உண்டு. கரடியூர் தன் பெயரிலேயே ஒரு காட்டு விலங்கைக் கொண்டிருக்கின்றது. இன்று இம்மலை மக்களின் பேச்சில் மிகுதியும் அடிபடுவது காட்டுமாடு. இதைக் காட்டெருமை என வழங்குவர். எனினும் இது எருமை இனமன்று, மாட்டினமே.

நடத்தையை அறிதல்

விலங்கின் நடத்தையை ஆராய்ந்தமைக்காக டின்பெர்கன், லாரன்ஸ், ஃபிரிஷ் ஆகிய மூவருக்கும் 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு விலங்கு ஏன் இவ்வாறு செய்கின்றது என்பதற்கு நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும் என்று டின்பெர்கன் 1963இல் எழுதினார். இப்போது அதைத் தூண்டியது எது? பிறந்தது முதல் அப்பழக்கம் எவ்வாறு வளர்ந்தது? அதனால் விலங்கு பெறும் நன்மை யாது? அதன் முன்னோர் வழியில் அது எவ்வாறு வந்தது?

காட்டுமாடு தோட்டத்திற்குள் வருவதை இவ்வினாக்களால் பார்ப்போம். கோடையில் காட்டில் புல்லும் நீரும் குறையும்போது தோட்டத்தின் பசுமை அதை இழுக்கின்றது. தாயைப் பின்தொடரும் கன்று அவ்வழியைக் கற்றுக்கொள்கின்றது. அங்கு நல்ல மேய்ச்சலும் நிழலும் அதற்குக் கிடைக்கின்றன. திறந்த வெளியிலும் மரச் செறிவிலும் மாறி மாறி மேய்வது அதன் இனத்திற்கே இயல்பு. எனவே, வெறுமனே விரட்டுவதால் மட்டும் காரியம் முடியாது. நீரும் மேய்ச்சலும் காட்டினுள் கிடைக்குமாறு செய்வதே நிலையான வழி என்பது விளங்கும்.

உயிரைக் காக்கவும் இவ்வறிவு உதவும். காட்டுமாடு விடியலிலும் மாலையிலும் மிகுதியாக மேயும். பசுக்களும் கன்றுகளும் கூட்டமாகத் திரியும். முதிர்ந்த காளை தனித்தும் திரிவதுண்டு. காளை தன் விலாப்புறத்தை முழுதும் காட்டி நிற்குமாயின், அழகு காட்டுவதாக எண்ணி அருகில் செல்லலாகாது. அது தன் பருமனைக் காட்டி விடுக்கும் எச்சரிக்கை. அப்போது மெல்லப் பின்வாங்குவதே அறிவுடைமை. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், மூடுபனி விலகிய பின்னர், கூட்டமாகப் பேசிக்கொண்டு செல்வது நலம். கரடிக்கும் இது பொருந்தும். திடீரென எதிர்ப்பட்ட அச்சத்தினாலேயே கரடி பெரும்பாலும் தாக்குகின்றது.

ஃபிரிஷ் ஆராய்ந்தது தேனீயை. உணவு இருக்கும் திசையையும் தொலைவையும் தேனீ தன் ஆட்டத்தால் கூட்டத்தாருக்கு அறிவிக்கின்றது என்று அவர் கண்டார். ரொபஸ்டா காப்பி காய்ப்பதற்கு அயல் மகரந்தம் தேவை. அரபிக்கா காப்பி தானே காய்க்குமாயினும் தேனீயால் பயன் பெறும். ஆகவே பூக்கும் நாட்களில் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்ப்பது விவசாயிக்கே இலாபம்.

நலத்தைப் பேணுதல்

பசி தாகமின்மை, வசதியின்மையால் வரும் துன்பமின்மை, வலியும் நோயும் இன்மை, இயல்பான நடத்தைக்கு இடமுண்மை, அச்சமும் வேதனையும் இன்மை என்னும் ஐந்தும் கால்நடைக்குரிய உரிமைகளாக இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன. நம் நாட்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. அதற்கு முன்னோடியாக மாநிலங்கள் அவையில் மசோதா கொணர்ந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

கால்நடையின் நலமும் காட்டு விலங்கின் நலமும் வேறுவேறல்ல. வெக்கைநோய் 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் காட்டுமாடுகளைப் பெருமளவில் மாய்த்தது. அந்நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டது. ஆனால் கோமாரி நோய் இன்னும் உள்ளது. நம் பசுவிடமிருந்து அது காட்டுமாட்டிற்குப் பரவக்கூடும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை தவறாமல் தடுப்பூசி போடுவதால் தொழுவமும் காடும் ஒருங்கே காக்கப்படும்.

பன்மையை நிர்வகித்தல்

2002ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்தும் பன்மை நிர்வாகக் குழு அமைத்தல் வேண்டும். தன் எல்லையிலுள்ள உயிரினங்களையும், அவற்றைப்பற்றி மக்கள் அறிந்துள்ளவற்றையும் மக்கள் பதிவேட்டில் எழுதி வைப்பது அக்குழுவின் கடமை. வணிகத்திற்காக மூலிகை முதலியன சேகரிப்போரிடம் கட்டணம் வசூலிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழகத்தின் முதல் உயிரினப் பன்மை மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டதை நம் உறுப்பினர்கள் அறிவார்கள்.

சேர்வராயன் மலையில் மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவு பெரியது. எந்த மரம் எப்போது காய்க்கும், எந்த ஓடையில் கோடையிலும் நீர் நிற்கும், விலங்கு எந்த வழியாக இறங்கும் என்பதை முதியோர் அறிவர். அவர்களோடு அவ்வறிவு மறையுமுன் எழுத்தில் ஏற வேண்டும். கேட்டு எழுதுவதற்கும், சரிபார்ப்பதற்கும், இனம் பிரித்தறிவதற்கும் பயின்ற இளைஞர் தேவை. பட்டப்படிப்பின் பயன் இங்கேதான் வெளிப்படுகின்றது.

எங்கே பயிலலாம்?

உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியிலும், மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் கானுயிரியல் கற்பிக்கப்படுகின்றது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் பயிலலாம். கால்நடை மருத்துவத்திற்கு நாமக்கல்லிலும், சேலம் மாவட்டத்துத் தலைவாசலிலும் கல்லூரிகள் உள்ளன. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கால்நடை மருத்துவம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இடம் ஒதுக்கி 2021இல் சட்டம் செய்யப்பட்டது. மலைக் கிராமத்துப் பெற்றோர் இதைக் கருத்திற்கொண்டு, 11ஆம் வகுப்பிலேயே உயிரியல் பாடத்தைத் தேர்ந்தெடுக்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பெண் குழந்தைகளுக்கும் இது ஏற்ற படிப்பே.

பஞ்சாயத்துகள் செய்யத் தக்கவை

1. பன்மை நிர்வாகக் குழுவைப் பெயரளவில் வைத்திராமல் தவறாது கூட்டுதல்.

2. காட்டுமாடு வந்த நாள், நேரம், இடம், சேதம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவருதல். வனத்துறையிடம் நிவாரணம் கோரவும் இக்குறிப்புகள் உதவும்.

3. தடுப்பூசி முகாமிற்கு எல்லா மாடுகளும் வருமாறு பார்த்துக்கொள்ளுதல்.

4. மின்சாரத்தைத் திருட்டுத்தனமாக வேலியில் பாய்ச்சுவதை அறவே தடுத்தல். அது மனிதரையும் கொல்லும். காட்டுமாடு சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்காதலால், அதைக் கொன்றவருக்கு 3 ஆண்டிற்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு.

5. 12ஆம் வகுப்புத் தேறிய மாணவ மாணவியர் பட்டியலைத் தயாரித்து, விண்ணப்பம் அனுப்ப உதவுதல்.

விலங்கை வெல்வது வேறு, அறிவது வேறு. வென்ற நிலம் அடுத்த கோடையில் மீண்டும் மிதிபடலாம். அறிந்தவன் தன் பயிரையும் உயிரையும் காத்துக்கொள்வான். கரடியூர் போன்ற ஊர்களிலிருந்து ஆண்டிற்கு ஒரு பிள்ளையேனும் இக்கல்வியைக் கற்றுத் திரும்புமாயின், அவ்வூரின் பதிவேடு வெறும் காகிதமாக நின்றுவிடாது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்வாண்டே இம்முயற்சியைத் தொடங்குவார்களாக.