வயல் மண் கடல் சேராமல் காக்க ஊர் கூடி மரம் நடுவீர்

ஐப்பசி அடைமழையில் தேசூர் வட்டாரத்து ஓடைகள் செம்மண் கலங்கி ஏரிக்குப் பாய்வதை விவசாயிகள் அறிவர். நீரில் கலங்கி வருவது மேட்டுநிலத்தின் மேல்மண்ணே. வயலுக்கு இட்ட எருவும் உரமும் அதனுடன்தான் போகின்றன. ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் கனம் மண் அரிக்கப்பட்டால் 4 கன மீட்டர், அதாவது சுமார் 5 டன் மண் இழப்பாகும். வண்டிக்கு அரை டன் என்றாலும் 10 வண்டி மண்!

மண் போகுமிடம்

ஒரு பகுதி ஏரியில் படிந்து நீர்க் கொள்ளளவைக் குறைக்கிறது. ஏரி கோடி போகும்போது மீதி மண் ஓடை, ஆறு வழியாக வங்கக் கடலை நோக்கிச் செல்கிறது. கடலில் வண்டல் விளைவிக்கும் கேட்டைத் தெற்கே மன்னார் வளைகுடாவில் காணலாம்.

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. இப்பகுதி 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறை என்பது சிறு உயிரிகள் கட்டும் சுண்ணாம்புக் கூடு. அவற்றின் உடலில் வாழும் நுண்பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்து அவற்றுக்கு அளிக்கிறது. வைப்பாறு போன்ற ஆறுகளின் வெள்ளத்தில் வரும் வண்டல் இந்த ஒளியை மறைக்கிறது. பவளத்தின் மேல் படிந்து அதை மூடியும் விடுகிறது. பவளம் அழிந்தால் மீன்குஞ்சுகளுக்கு அடைக்கலம் இல்லை. அலைக்குத் தடுப்பும் இல்லை. கடல்நீர் வெப்பம் கூடுவதும், முன்னாளில் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதும் இதற்குப் பிற காரணங்கள். எனினும் வண்டலைத் தடுப்பது விவசாயிகளால் இயலும்.

மரம் மட்டும் போதுமா?

போதாது. மரத்தடி வெறுந்தரையாக இருந்தால், இலையிலிருந்து சொட்டும் பெரிய துளிகளே மண்ணைக் கரைக்கும். மரம், புதர், புல், சருகு நான்கும் சேர்ந்துதான் மண்ணைப் பிடிக்கும். சருகைக் கூட்டி எரிக்கக் கூடாது.

நடும் முறை

1. மானாவாரி மணிலா நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே உழவும். வரப்போரம் வெட்டிவேர் நாற்றை 15 செ.மீ. இடைவெளியில் நடவும்.

2. ஓடையின் இருபுறமும் புங்கம், நாவல் கன்றுகளை 4 மீட்டர் இடைவெளியில் நடவும். குழி 45 செ.மீ. நீள, அகல, ஆழம் இருக்கட்டும். இடையில் ஆடு கடிக்காத நொச்சிப் போத்துகளை ஊன்றவும்.

3. ஏரிக்கரையோரம் பனங்கொட்டைகளை 3 மீட்டருக்கு ஒன்றாக ஊன்றவும்.

குழிகளைப் புரட்டாசிக்குள் எடுத்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நட வேண்டும்.

கூட்டு முயற்சி

ஒருவர் மட்டும் நட்டால், பக்கத்து நிலத்தின் திறந்த வழியே வெள்ளம் மண்ணை அள்ளிப் போகும். ஆதலால் மேட்டிலிருந்து தொடங்கி ஓடை நெடுகிலும் எல்லோரும் நட வேண்டும். புறம்போக்கில் நடுமுன் பேரூராட்சி அல்லது ஊராட்சியின் அனுமதி பெறவும். முதல் இரண்டு ஆண்டுகள் ஓடைக்கரையில் மேய்ச்சலை நிறுத்தி, புல்லை அறுத்துக் கால்நடைகளுக்குப் போடலாம். நிலமற்ற ஆடு வளர்ப்போருக்கும் அப்புல்லில் பங்கு உண்டு என்பதை நடுமுன்னரே ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தால், கன்றுகளுக்குத் தனியே காவல் தேவைப்படாது.