பறவைக் காய்ச்சலும் நம் வீட்டுக் கோழிகளும்



தாமிரபரணியின் தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஆதிச்சநல்லூர் உள்ளது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்குள்ள பரம்பை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு வெண்கலப் பொருள்களும் கிடைத்தன. அவற்றில் எருமை, ஆடு, சேவல் ஆகிய வீட்டு உயிர்களின் உருவங்கள் இருந்தன. பறக்கும் பறவைகளின் உருவங்களும் இருந்தன. வீட்டுச் சேவலும் வானத்துப் பறவையும் அன்றே இந்த ஆற்றங்கரையில் அக்கம்பக்கமாக வாழ்ந்தன என்பது இதனால் விளங்கும்.

இன்றும் அப்படித்தான். திருவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் கால்வாய்கள் கடம்பாகுளத்தையும் பெருங்குளத்தையும் நிரப்பியவுடன், நாரையும் கொக்கும் சிறகி வாத்தும் வந்து இறங்குகின்றன. தூத்துக்குடி உப்பளங்களில் பூநாரைகள் நிற்கின்றன. குளத்தங்கரை வீடுகளிலோ பத்துக் கோழி, நாலு வாத்து இல்லாத வீடு குறைவு. இவ்விரண்டு கூட்டத்துக்கும் இடையே போய்வரும் கொடிய நோய் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். அது பறவைக் காய்ச்சல்.

உழவியல் கற்பிப்பவனுக்குக் கோழியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். சிறு விவசாயியின் வீட்டில் வயல், குளம், எருக்குழி, கோழிக்கூடு நான்கும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. இந்த நோய் நடந்து வரும் பாதையும் அந்த நான்கின் வழியாகத்தான்.

நோய் உலகைச் சுற்றிய வகை

நீர்ப்பறவைகளின் குடலில் இக்காய்ச்சலின் வீரியம் குறைந்த நச்சுயிரிகள் இயல்பாகவே உள்ளன. அவை அப்பறவைகளைப் பெரிதும் வருத்துவதில்லை. ஆனால் நெருக்கமாக வளர்க்கப்படும் கோழிகளிடையே புகுந்தால், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவி வீரியம் மிக்கதாக மாறிவிடக்கூடும். இன்று உலகெங்கும் பேசப்படும் எச்5என்1 வகையின் மூதாதை, 1996ஆம் ஆண்டு சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் வளர்ப்பு வாத்தினமான கூஸ் பறவையில் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தனர்.

2005இல் சீனாவின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் மடிந்தன. அவற்றுள் வரித்தலை வாத்துகள் மிகுதி. இமயமலையைத் தாண்டி நம் கூந்தன்குளம் வரை வருகிற அதே வாத்து இனம் இது. அதன்பின் நோய் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவியது. 2021இன் இறுதியில் வட அமெரிக்காவையும், 2022இல் தென் அமெரிக்காவையும் அடைந்தது. 2024இல் அண்டார்டிக் பெருநிலத்திலும் இது உறுதி செய்யப்பட்டது. அவ்வாண்டே அமெரிக்காவில் கறவை மாடுகளிலும் காணப்பட்டது.

வளர்ப்புப் பறவைகளிடையே வீரியம் பெற்ற நோய் காட்டுப் பறவைகளுக்குத் திரும்பிப் போய், அவற்றின் சிறகில் ஏறி உலகைச் சுற்றுகிறது என்பதை நினைவிற் கொள்க.

நம் நாட்டில்

இந்தியாவில் முதன்முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்தின் நவாப்பூரில் இந்நோய் தோன்றியது. 2008இல் மேற்கு வங்காளத்தில் புறக்கடைக் கோழிகளிடையே வேகமாகப் பரவி, லட்சக்கணக்கான பறவைகள் அழிக்கப்பட்டன. 2020 டிசம்பர் இறுதியில் இமாசலப் பிரதேசத்தின் பாங் அணை நீர்த்தேக்கத்தில் தொடங்கிய சாவில் ஏறத்தாழ 5,000 வலசைப் பறவைகள் மடிந்தன.

நமக்கு மிக அருகில் நடந்தது கேரளத்துக் குட்டநாட்டில். ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் அறுவடை முடிந்த வயல்களில் வாத்துகளை மேய்ப்பது பழைய வழக்கம். அதே வயல்களின் தேங்கிய நீரில் வலசைப் பறவைகளும் இரை தேடுகின்றன. 2014 நவம்பரில் அங்கு வாத்துகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 2016, 2021, 2024 ஆகிய ஆண்டுகளிலும் நோய் மீண்டும் தோன்றியது. குட்டநாட்டின் நிலைமையும் நம் ஆற்றுப்பாசன ஊர்களின் நிலைமையும் பெரிதும் ஒத்தவை. எனவே அங்கு நடந்ததை அயலூர்ச் செய்தி என்று தள்ளிவிடலாகாது.

எந்தப் பருவத்தில் கவனம் தேவை?

வலசைப் பறவைகள் ஐப்பசி, கார்த்திகையில் வந்து பங்குனி வரை தங்குகின்றன. நம் பகுதியில் பிசானப் பயிர் நிற்கும் காலமும் அதுவே. மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் வெளியூர் வாத்துக் கூட்டங்கள் தாள் வயலில் இறங்குகின்றன. காட்டுப் பறவை, மேய்ச்சல் வாத்து, வீட்டுக் கோழி ஆகிய மூன்றும் ஒரே வயலில், ஒரே நீரில் கூடுவது அந்த நாட்களில்தான். வாத்து சில வேளைகளில் நோயைத் தாங்கிக்கொண்டு நலமாகவே தோன்றும். ஆனால் அதன் எச்சத்தில் நச்சுயிரி இருக்கும். கோழிக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது.

 ஆகவே ஐப்பசி முதல் பங்குனி வரை உள்ள ஆறு மாதங்களில் கூடுதல் கவனம் செலுத்துங்கள்.

தடுப்பு முறைகள்

1. குளத்து நீரைக் கோழிக்கு நேராக வைக்காதீர்கள். குழாய் நீர் அல்லது அடிகுழாய் நீர் வையுங்கள். வேறு வழியில்லையெனில் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள்.

2. தீவனத்தையும் தண்ணீரையும் கூரைக்கு அடியில் வையுங்கள். திறந்த முற்றத்தில் இறைத்தால் காகமும் கொக்கும் பங்குக்கு வரும்.

3. கோழியையும் வாத்தையும் தனித்தனியே அடையுங்கள்.

4. வயலிலிருந்தோ குளத்திலிருந்தோ வந்த காலோடு கூட்டுக்குள் நுழையாதீர்கள். கூட்டுக்கென்று ஒரு ஜோடி செருப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் சுண்ணாம்புத் தூளைப் பரப்பி வையுங்கள். கைகளைச் சோப்பால் கழுவுங்கள். இந்த நச்சுயிரியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு நீர் பட்டால் அது சிதைந்துவிடும்.

5. சந்தையில் வாங்கிய கோழியை உடனே பழைய கோழிகளோடு விடாதீர்கள். இரண்டு வாரமாவது தனிப் பஞ்சாரத்தில் அடைத்து வைத்துப் பாருங்கள்.

6. வெளியூர் வாத்துக் கூட்டம் உங்கள் வயலில் இறங்குமானால், எந்த ஊரிலிருந்து வருகிறது, வழியில் வாத்து செத்ததா என்று விசாரியுங்கள். அது போகும் வரை உங்கள் கோழிகளை அந்த வயல் பக்கம் விடாதீர்கள். நலிந்த வாத்தை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கோழி எருவும் குளத்து வண்டலும்

கோழி எருவில் ஏறத்தாழ 3 சதம் தழைச்சத்தும், 2.6 சதம் மணிச்சத்தும், 1.4 சதம் சாம்பல் சத்தும் உள்ளன. இவ்வளவு நல்ல எருவை நோய்க்குப் பயந்து ஒதுக்க வேண்டுவதில்லை. பச்சையாக இடுவதைத்தான் தவிர்க்க வேண்டும். இக்கிருமி குளிர்ந்த எச்சத்தில் ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். 37 டிகிரி வெப்பத்தில் ஆறு நாள் வரை தாங்கும். 60 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரத்தில் அழிந்துவிடும். எருவை வைக்கோலுடன் கலந்து, ஈரமாக்கி, மூன்று நான்கு அடி உயரத்துக்குக் குவித்து, மேலே மண் பூசி மூடுங்கள். உட்புறம் நன்றாகச் சூடேறும். இரண்டு மூன்று வாரம் கழித்து வெளிப்புறம் உள்ளே போகும்படி புரட்டி மீண்டும் மூடுங்கள். பிறகு மக்கவிட்டு வயலுக்கு இடுங்கள். பண்ணைகளிலிருந்து எரு வாங்குவோர் சாக்கையும் வண்டியையும் கோழிக் கூட்டின் அருகே கொண்டுவரலாகாது.

குளத்து வண்டலைப் பற்றியும் கேட்கிறார்கள். கூந்தன்குளம் விவசாயிகள் பறவை எச்சம் கலந்த வண்டலைக் கோடையில் அள்ளி வயலுக்கு இடுவதைப் பலரும் அறிவர். வண்டல் சித்திரை, வைகாசி வெயிலில் நன்றாகக் காய்ந்த பின் அள்ளுவதில் நோய் அச்சம் மிகக் குறைவு. மாசியில் ஈரத்தோடு அள்ளுவதைத் தவிருங்கள்.

நோயின் அறிகுறிகள்

நேற்று மேய்ந்த கோழி இன்று காலை செத்துக் கிடப்பது முதல் அறிகுறி. கொண்டையும் தாடியும் நீலம் பாய்தல், முகம் வீங்குதல், கால் தோலில் இரத்தம் கட்டுதல், மூச்சுத் திணறல், பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல், முட்டை திடீரென நின்றுபோதல் ஆகியவையும் காணப்படும்.

இவற்றுள் பல வெள்ளைக் கழிச்சலிலும் உண்டு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. சந்தேகத்துக்குரிய மாதிரிகளைப் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனம் சோதித்தே உறுதி செய்யும். வெள்ளைக் கழிச்சலுக்குத் தவறாமல் தடுப்பூசி போட்டுவாருங்கள். அந்த ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் ஊசி போட்ட கோழிகளும் கூட்டமாகச் செத்தால், இது வேறு நோயாக இருக்கலாம் என்று உடனே ஐயப்பட உங்களுக்கு ஒரு வழி கிடைக்கும்.

மறைத்தால் வரும் நட்டம்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரே இரவில் ஆறு கோழிகள் செத்தன. என் தாயார் விடிவதற்குள் அவற்றை வாய்க்காலில் போட்டுவிட்டு, மீதி ஐந்தையும் கூடையில் வைத்து வாரச் சந்தைக்குக் கொண்டுபோனார். வந்த பணத்தில்தான் அந்த மாதம் எனக்குப் பள்ளிச் சம்பளம் கட்டினார். இரண்டு வாரத்துக்குள் எங்கள் தெருவிலும், வாய்க்காலின் கீழே உள்ள ஊரிலும் கோழி கூவும் சத்தமே இல்லாமற் போயிற்று. அன்று வந்தது வெள்ளைக் கழிச்சல் என்றே நினைக்கிறேன். என் தாயாரை நான் குறை கூறவில்லை. யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கோழியோ வாத்தோ திடீரென ஒன்றுக்கு மேல் செத்தாலும், குளத்தில் பறவைகளோ தெருவில் காகங்களோ செத்துக் கிடந்தாலும், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் அன்றே சொல்லுங்கள். 1962 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். இறந்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். நாயும் காகமும் இழுக்காதபடி மூடிவைத்துக் காத்திருங்கள். வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ எறியாதீர்கள். குழந்தைகளை அப்பக்கம் விடாதீர்கள்.

நோய் உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளை அழித்து, பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். இது மனத்துக்கு வருத்தம் தருவதே. ஆயினும் அழிக்கப்படும் பறவை, முட்டை, தீவனம் ஆகியவற்றுக்கு இழப்பீடு உண்டு. இச்செலவை மத்திய, மாநில அரசுகள் சரிபாதியாக ஏற்கின்றன. 2021இல் கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாயும், அதற்குட்பட்டதற்கு 100 ரூபாயும், முட்டைக்கு 5 ரூபாயும் அறிவித்தனர். இழப்பீடு பெரும்பாலும் அழிக்கப்படும் பறவைகளுக்கே என்பதால், நோயில் முன்பே செத்தவற்றுக்குக் கணக்குக் காட்டுவது கடினம். நாள் கடத்தினால் கோழியும் போகும், பணமும் போகும்.

உடல்நலமும் இதில் அடங்கியுள்ளது. மனிதருக்கு இந்நோய் அரிதாகவே தொற்றுகிறது. தொற்றினால் கொடியது. 2003 முதல் உலகெங்கும் பதிவான 900க்கு மேற்பட்ட நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துள்ளனர். நம் நாட்டிலும் 2021இல் ஒரு சிறுவன் இறந்தான். நலிந்த கோழியை வீணாக்குவானேன் என்று அறுத்து, இறகு பறித்துச் சுத்தம் செய்வதுதான் மிக ஆபத்தான வேலை. நலமான கோழியின் இறைச்சியையும் முட்டையையும் நன்றாக வேகவைத்து உண்பதில் அச்சமில்லை. 70 டிகிரி வெப்பம் உள்வரை ஏறினால் கிருமி அழிந்துவிடும்.

பறவைகளை விரட்டலாமா?

கூடாது. வேட்டு வைத்து விரட்டினால் நோயுள்ள பறவையும் அடுத்த குளத்துக்குப் பறந்து நோயை அங்கும் கொண்டுசெல்லும். வயலில் பூச்சியையும் நத்தையையும் தின்று உதவும் பறவைகளையும் இழப்போம். நம்மால் அடைக்க முடிந்தது குளத்துக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள பாதையை. தண்ணீர்ப் பானை, தீவனத் தட்டு, செருப்பு, சந்தைக் கூடை, எருச் சாக்கு ஆகிய ஐந்தையும் கவனித்தால் அந்தப் பாதை பெரும்பாலும் அடைபடும்.

இவ்வாண்டு ஐப்பசி மழை தொடங்குவதற்குள் உங்கள் கோழிக்கூட்டின் கூரையைச் சரிபார்த்து, கால்நடை மருந்தகத்தின் தொலைபேசி எண்ணைக் கேட்டுச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். அவர் வீட்டுக் கோழி நலமாக இருந்தால்தான் உங்கள் வீட்டுக் கோழியும் நலமாக இருக்கும்.