ஓடும் பிள்ளைகளின் எலும்புகள்



எங்கள் எலும்புப் பிரிவுக்கு வரும் கல்லூரி ஓட்டப்பந்தயப் பிள்ளைகளைக் குறித்து இம்மாதம் சற்றுப் படிப்போம். "சிஸ்டர், ஒரு ஊசி மட்டும் போட்டுவிடுங்க, வியாழக்கிழமை மீட் இருக்கு" என்று கேட்டுக்கொண்டேதான் பலர் வருகிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். ஓடாவிட்டால் கட்டணச் சலுகை போய்விடுமே என்ற பயம். அது எங்களுக்கும் புரிகிறது. ஆனாலும் ஊசி போடுவதில்லை.

ஓடும்போது எலும்பில் கண்ணுக்குத் தெரியாத சேதங்கள் உண்டாகின்றன. உடல் அவற்றை அரித்தெடுத்துவிட்டுப் புதிய எலும்பைக் கட்டுகிறது. அரிப்பது சீக்கிரம் முடியும். கட்டுவதற்கு மாதங்கள் ஆகும். விடுமுறை முடிந்து வந்ததும் பயிற்சியைத் திடீரென்று கூட்டினால், கணைக்கால் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுகிறது. 1855-லேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய இராணுவ மருத்துவர், நெடுந்தூரம் நடந்த சிப்பாய்களின் வீங்கிய பாதங்களைப்பற்றி எழுதினார். காரணம் எலும்பு விரிசல் என்பது, 1895-ல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பின்புதான் தெரிந்தது.

அந்த எக்ஸ்ரேயும் முதல் இரண்டு மூன்று வாரங்கள் ஏமாற்றிவிடும். ஆகவே முதலில் எங்கள் விரலையே நம்புகிறோம். ஒரே இடத்தில், விரல்நுனி அளவில், தொட்டதும் துள்ளினால் விரிசலைச் சந்தேகிக்கிறோம். தொடை எலும்பின் கழுத்தில் விழும் விரிசல் மிக ஆபத்தானது. வலியை மாத்திரையால் மறைத்து ஓடினால் எலும்பு முழுவதும் முறிந்துபோகலாம்.

பெண் பிள்ளைகளிடம் மாதவிலக்கைப்பற்றியும் விசாரிக்கிறோம். 19 வயது மகள் ஒருத்தி, 5 மாதமாக இல்லை என்றாள். நல்ல பயிற்சியின் அடையாளம் என்று எண்ணியிருந்தாளாம்! விடியற்காலை வெறும் தேநீரோடு ஓடப் போவாள். திரும்பும்போது விடுதியில் இட்லி தீர்ந்திருக்கும். ஓட்டத்துக்கேற்ற உணவு இல்லாவிட்டால் மாதவிலக்கு நின்று, ஈஸ்ட்ரோஜன் குறைந்து, எலும்பும் பலமிழக்கிறது.

எலியா ஆகாபுக்கு முன்னே யெஸ்ரயேல்மட்டும் ஓடினதைப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அடுத்த அதிகாரத்தில், சூரைச்செடியின்கீழ் சோர்ந்து படுத்தவரைத் தூதன் கண்டிக்கவில்லை. சாப்பிடச் சொன்னான், தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எங்கள் மருந்துச்சீட்டும் ஏறக்குறைய அதுதான்: 6 முதல் 8 வாரம் ஓட்டமில்லை, வயிறார உணவு, பால், முட்டை, வேர்க்கடலை.

அந்த மகளின் எம்.ஆர்.ஐ. செலவை உங்கள் காணிக்கை ஏற்றது. கல்லூரி முதல்வருக்கு நாங்கள் கடிதம் எழுதினோம். கட்டணச் சலுகை நிற்கவில்லை. விடுதிச் சமையல்கார அம்மா இப்போது, ஓடப் போகும் பிள்ளைகளுக்கென்று ஒரு தூக்குவாளியில் இட்லியை எடுத்து மூடி வைக்கிறார்.