நித்திரையை எழுப்பும் சுருதி

2019 ஜனவரியில் கண்டி யட்டிநுவர வீதியில் ஐந்து மாடிக் கட்டடமொன்று தீப்பற்றியது. மேலே அகப்பட்ட பிள்ளைகளைக் கீழே நின்றோரின் கைகளில் விட்டுத்தான் காப்பாற்ற நேர்ந்தது. அப்படித் தப்புவதற்கும் முதலில் விழித்திருக்க வேண்டும்.

வீடுகளில் பொருத்தும் புகை எச்சரிக்கைக் கருவி பெரும்பாலும் 3100 ஹேர்ட்ஸ் அளவான மீடிறனில் கீச்சிடும். சிறு தகடொன்று பற்றரியின் சொற்ப மின்னோட்டத்திலேயே அவ்வொலியை உரக்க எழுப்பும். உற்பத்தியாளருக்கு வசதி, உறங்குபவரின் காதை யாரும் கேட்கவில்லை!

கேட்டவர் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா பல்கலைக்கழகப் பேராசிரியை டொரத்தி பிரக். செவிப்புலன் குறைந்த வளர்ந்தோரை உறங்கவைத்து, 75 டெசிபலில் இரு ஒலிகளை அவரது குழு சோதித்தது. 3100 ஹேர்ட்ஸுக்கு 56 வீதத்தினரே விழித்தனர். 520 ஹேர்ட்ஸ் சதுர அலைக்கு 92 வீதத்தினர். முதுமையில் முதலில் மங்குவதும் உயர்சுருதிதான். ஆழ்ந்துறங்கும் சிறுவரையும் தாழ்ந்த ஒலியே நன்றாக எழுப்புகிறது.

அமெரிக்காவின் தீயெச்சரிக்கை நியமம், 2014 ஜனவரி 1 முதல் புதிய ஹோட்டல், விடுதி போன்றவற்றின் படுக்கையறைகளுக்கு 520 ஹேர்ட்ஸைக் கேட்டது. சிஸ்டம் சென்சர் போன்ற நிறுவனங்கள் அதற்கெனக் கருவிகளை வடிவமைத்தன. தாழ்சுருதிக்கு அந்தச் சிறு தகடு போதாது. ஒலிபெருக்கி வேண்டும், மின்னோட்டமும் கூடுதலாகச் செல்லும். ஆகவே விலையும் ஏறும்.

பிள்ளைகள் தங்கும் விடுதிக்கு அலாரம் வாங்குவோர் கடையில் டெசிபலை மட்டுமன்றி ஹேர்ட்ஸையும் கேட்கலாம்.