கவனம் சிதறும் பெண்கள்

'மறதிக்காரி', 'சோம்பேறி', 'எடுத்த காரியத்தை முடிக்காதவள்' என்னும் பெயர்களைச் சுமந்தே வாழும் பெண்கள் பலர். அவர்களுள் சிலருக்கேனும் இருப்பது குணக்கேடு அன்று. கவனக்குறைவுக் கோளாறு என்னும் மூளை வளர்ச்சிக் குறைபாடு. உளவியல் பயிலும் மாணவி என்ற முறையில், இது பெண்களிடத்தில் ஏன் நெடுங்காலம் மறைந்து கிடந்தது என்பதைப் பற்றி எழுத விழைகிறேன்.

1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்னும் ஆங்கிலக் குழந்தை மருத்துவர் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்தே இதன் வரலாற்றைப் பலரும் தொடங்குவர். அவர் எடுத்துரைத்த 20 பிள்ளைகளில் 15 பேர் ஆண்கள்; 5 பேரே பெண்கள். பின்வந்த ஆய்வுகளும் வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டாத சிறுவனையே பெரிதும் நோக்கின. ஆசிரியருக்குத் தொல்லை தருபவன்தானே மருத்துவரிடம் அனுப்பப்படுவான்! சன்னலுக்கு வெளியே பார்த்தபடி கனவில் ஆழ்ந்திருக்கும் சிறுமியால் யாருக்கும் தொல்லையில்லை. அவள் பிரம்படிக்குத் தப்பினாள். மருத்துவரின் கண்ணுக்கும் தப்பினாள்.

துறுதுறுப்பு இல்லாமலும் இக்கோளாறு இருக்கக்கூடும் என 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஏற்றது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்க்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதில் ஐந்தே போதும் என்றது.

என் அத்தை முதுகலை பயின்றவர். ரேஷன் கார்டைத் தேடி மாதந்தோறும் வீட்டையே புரட்டுவார். அடுப்பில் பால் பொங்கி வழியும். அவரோ மாடியில் பாதித் துணியை உலர்த்திவிட்டுச் செய்தித்தாளில் மூழ்கியிருப்பார். ஆனால், பூவேலைத் துணி ஒன்று கையில் கிடைத்தால் நள்ளிரவானாலும் எழமாட்டார். "பிடித்ததற்கு மட்டும் கவனம் வருகிறதே!" என வீட்டார் இடித்துரைப்பர். அத்தைக்கு இருப்பது இக்கோளாறுதான் என்று கூற நான் மருத்துவர் அல்லேன். எனினும், இக்கோளாற்றில் கவனம் அற்றுப்போவதில்லை. வேண்டிய இடத்திற்கு அதைத் திருப்பும் ஆற்றலே குன்றுகிறது என்பதை அவ்வீட்டார் அறிதல் நலம். இதே மறதி மாமாவுக்கும் உண்டு. அவரை யாரும் ஏசுவதில்லை. அவர் மறப்பதை நினைவில் வைக்க ஒரு மனைவி இருக்கிறாரே!

வளர்ந்த பெண்ணிடம் ஓட்டமும் குதிப்பும் வெளியே தெரிவதில்லை. உள்ளத்தின் அமைதியின்மையாக அவை மாறிவிடுகின்றன. குறையை மறைக்க இருமடங்கு உழைத்துக் களைத்தவள், மனச்சோர்வு என்று மருந்துண்பாள். அடியில் கிடப்பது அறியப்படாமலே போகும்.

மறதியெல்லாம் இக்கோளாறு ஆகிவிடாது. தைராய்டுக் குறை, இரத்தசோகை, உறக்கமின்மை ஆகியவற்றாலும் கவனம் கெடும். சில அறிகுறிகளேனும் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா என்று மருத்துவர் வினவுவார். பெற்றோரின் நினைவும் பழைய தேர்ச்சி அறிக்கைகளும் அப்போது உதவும். 'அறிவுண்டு, கவனமில்லை' என்று என்றோ ஓர் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிய வரி இருக்குமாயின், அதையும் எடுத்துச் செல்லலாம்.